நெட்வொர்க் நிர்வாகத் தொழிலும் நமது வாலிபர்களும்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேசுவதற்கென்று குறிக்கப்பட்டிருக்கும் விஷயம், கம்ப்யூட்டர்களையும் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் நெட்வொர்க்குகளையும் நிர்வாகம் செய்யும் தொழிலுக்கு நம் பிள்ளைகள் தங்களை எப்படித் தயார் செய்துகொள்வது என்பதாகும். இதைப் பற்றி ஒரு பொதுக்கூட்டத்தில் பேசவேண்டிய அவசியமென்ன என்று சிலர் நினைக்கக்கூடும். அவசியம் இருக்கிறது. எப்படியெனில், இத்தொழிலைப் பற்றி நம் ஜனங்களுக்குள் இரண்டு தப்பெண்ணங்கள் வேரூன்றிவிட்டன. ஒன்று, இது பட்டணத்தில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, என்ஜினீயர் பட்டம் வாங்கியவர்களுக்கே உரிய வித்தை, நம்மால் ஆகாது என்பது. மற்றொன்று, யாராவது ஒரு பயிற்சிக்கூடத்தாரிடம் பெரும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டால், ஆறு மாதத்தில் ஒரு சான்றிதழும் அதன் பின்னாலேயே ஒரு உத்தியோகமும் வந்துவிடும் என்பது. முதல் எண்ணத்தால் புத்தியுள்ள பிள்ளைகள் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். இரண்டாவது எண்ணத்தால் நகையை அடகு வைத்த குடும்பங்கள் கடனாளிகளாகின்றன. இரண்டும் யோசித்துப் பாராமல் நம்பியதால் வரும் கேடுகளே என்பதுதான் நமது அபிப்பிராயம்.

முதலாவது, இத்தொழில் என்ன என்பதைப் பார்ப்போம். கிராமத்தில் ஏரித் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியை நீங்கள் அறிவீர்கள். வயலுக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற வரையில் அவனை யாரும் நினைப்பதில்லை. ஒரு நாள் மடை அடைத்துக்கொண்டால்தான் ஊர் முழுவதும் அவனைத் தேடும். இன்று பாங்கியில் பணம் எடுப்பதும், ரயிலுக்குச் சீட்டுப் பதிவதும், ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்குவதும், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்ப்பதும் எல்லாம் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதால்தான் நடக்கின்றன. அந்தப் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும், அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடித்து முடிச்சுப் போடுவதுமே இத்தொழில்.

இத்தொழிலாளியின் அருமையை உலகம் உணர்ந்த நாளொன்று உண்டு. 2024ஆம் வருஷம் ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனியார் அனுப்பிய ஒரு பிழையான கோப்பினால், உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன என்று மைக்ரோசாப்ட் கம்பெனியாரே கணக்குச் சொன்னார்கள். விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகளின் வேலை தடைப்பட்டது, நம் நாட்டு விமான நிலையங்களில் பிரயாணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அதைச் சரிசெய்தவர்கள் யார்? அநேக இடங்களில் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் போய் உட்கார்ந்து, அதைப் பாதுகாப்பு முறையில் கிளப்பி, அந்தக் கெட்ட கோப்பைத் தேடி அழித்து, மறுபடி கிளப்பிய சாதாரணத் தொழிலாளர்களேயாவார்கள்.

நிற்க, இது நம்மால் ஆகாத வித்தையா என்பதை யோசிப்போம். இதில் ஒளித்துவைத்த மந்திரம் ஒன்றுமில்லை. தபாலைப் போலவே இதிலும் நான்கு விஷயங்கள்தாம் அடிப்படை. கடிதம் போய்ச் சேர விலாசம் வேண்டும், பாதை வேண்டும், பேரைச் சொன்னால் விலாசத்தைக் காட்டும் ஒரு புத்தகம் வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் கதவைத் திறந்து வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். கம்ப்யூட்டருக்கு விலாசம் ஒரு எண். அதற்கு ஐ.பி. முகவரி என்று பேர். பாதை காட்டுவது ரூட்டர். பேரை எண்ணாக மாற்றிக் கொடுப்பது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு. கதவைத் திறந்து பதில் சொல்லுவது சர்வரில் ஓடும் சேவை. இந்த நான்கையும் மனதில் வாங்கிக்கொண்டவனுக்கு, மற்றவையெல்லாம் இவற்றின் விரிவுரைகளே.

உதாரணமாக, ஒரு கூட்டுறவுச் சங்க ஆபீசில் "இன்டர்நெட் வரவில்லை" என்று கூக்குரல் எழுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். விவரமறியாதவன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போடுவான். அதிலும் தீராவிட்டால், ஆயுத பூஜைக்குச் சர்வரின் மேல் வைத்த சந்தனப் பொட்டு அழிந்துபோயிற்றே என்று பார்ப்பவர்களும் இருக்கக்கூடும். கற்றவனோ ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பான். கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா? இருக்கிறது. இயந்திரத்துக்கு விலாசம் கிடைத்திருக்கிறதா? கிடைத்திருக்கிறது. பக்கத்திலுள்ள ரூட்டர் பதில் சொல்லுகிறதா? சொல்லுகிறது. வெளியூரிலுள்ள ஒரு விலாசத்தை எண்ணால் கூப்பிட்டால் பதில் வருகிறதா? வருகிறது. பேரால் கூப்பிட்டால்? வரவில்லை. தீர்ந்தது விஷயம்! பாதையில் குற்றமில்லை, பேரை எண்ணாக்கும் டி.என்.எஸ்.ஸில்தான் குற்றம். ஐந்து கேள்விகளில் ஐம்பது சந்தேகங்கள் ஒழிந்தன.

இப்படிக் கூப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவும் "பிங்" என்ற சிறு கருவியை 1983ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் மைக் மியூஸ் என்ற அமெரிக்கர் எழுதினார். கப்பல்காரர்கள் தண்ணீருக்குள் ஓசையை விட்டு எதிரொலியைக் கேட்பதுபோல, ஒரு செய்தியை விட்டுப் பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதே அதன் வேலை. இத்தனை வருஷங்கள் கழித்தும் உலகத்திலுள்ள நெட்வொர்க் தொழிலாளிகள் முதலில் எடுக்கும் ஆயுதம் அதுவேயாகும்.

2021ஆம் வருஷம் அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகமெங்கும் மறைந்துபோயின. சதி என்றார்கள் சிலர். கொள்ளை என்றார்கள் சிலர். கடைசியில் அக்கம்பெனியாரே வெளியிட்ட காரணம் என்ன? பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு உத்தரவினால் அவர்களுடைய கட்டிடங்களை இணைக்கும் பெரும் பாதைகள் துண்டிக்கப்பட்டன. அந்த உத்தரவைத் தடுத்திருக்கவேண்டிய சோதனைக் கருவியில் ஒரு பிழை இருந்தது. பாதை போனதும் அவர்களுடைய டி.என்.எஸ். சர்வர்கள், தங்களுக்கு வரும் வழியை உலகத்துக்கு அறிவிப்பதைத் தாங்களாகவே நிறுத்திக்கொண்டன. காரணமில்லாமல் நடந்தது எதுவுமில்லை. "ஏன்?" என்ற கேள்வியை விடாமல் கேட்பவனுக்குப் பதில் கிடைத்தே தீரும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய எவரும் இத்தொழிலுக்கு ஏற்றவரே என்று தைரியமாய்ச் சொல்லுவோம்.

இனி, சான்றிதழ்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சிஸ்கோ கம்பெனியார் 1998ஆம் வருஷத்தில் ஆரம்பித்த சி.சி.என்.ஏ. என்ற பரீட்சையும், ரெட் ஹாட் கம்பெனியார் நடத்தும் லினக்ஸ் பரீட்சைகளும் கெட்டவையென்று நாம் சொல்லவரவில்லை. ஒழுங்காகப் படித்து எழுதினால் அவற்றால் பிரயோஜனம் உண்டு. ஆனால் நடப்பதென்ன? பழைய கேள்விகளையும் விடைகளையும் திருட்டுத்தனமாகச் சேர்த்து "டம்ப்" என்று விற்கிறார்கள். பிள்ளைகள் அதை வாங்கி, பொருள் தெரியாமல் சுலோகம் ஒப்பிப்பதைப்போல ஒப்பித்துப் பரீட்சையைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு வேலைக்குப் பேட்டி காணும்போது என்ன ஆகிறது?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 192.168.1 என்று ஆரம்பிக்கும் ஒரு சிறு நெட்வொர்க்கில், கடைசி இடத்தில் 0 முதல் 255 வரை 256 எண்கள் உண்டு. எத்தனை இயந்திரங்களுக்கு விலாசம் கொடுக்கலாம் என்று கேட்டால், மனப்பாடக்காரன் "254" என்று சட்டென்று சொல்லிவிடுவான். "ஏனப்பா 256 இல்லை?" என்று கேட்டால் விழிப்பான். முதல் எண் அந்த நெட்வொர்க்குக்கே பேராகப் போய்விடுகிறது. கடைசி எண் எல்லோரையும் ஒரேயடியாய்க் கூப்பிடுவதற்கென்று ஒதுக்கப்படுகிறது. ஆதலால் இரண்டு குறைகின்றன. இதை விளங்கிக்கொண்டவனிடம், "இதையே நான்கு சம பாகமாக வெட்டினால்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு பாகத்திலும் 64, அதில் இரண்டு போக 62 என்று அவன் தானாகவே சொல்லுவான். மனப்பாடக்காரனோ அந்தக் கேள்வி தன் புத்தகத்தில் இல்லையே என்பான். எந்த ஆபீசிலும் குற்றங்கள் புத்தகத்திலுள்ள வரிசைப்படி வருவதில்லை, தோழர்களே! அன்றியும், சி.சி.என்.ஏ. சான்றிதழுக்கு ஆயுள் 3 வருஷந்தான். பிறகு புதுப்பிக்க வேண்டும். மனப்பாடம் 3 மாதம்கூட நிற்பதில்லை.

பயிற்சிக்கூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. யோக்கியமாய்க் கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "வேலைக்கு உத்தரவாதம்" என்று கொட்டை எழுத்தில் பலகை போட்டிருப்பவர்களிடம் பணம் கட்டுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் இத்தொழிலை எங்காவது செய்து பார்த்தவரா? வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளையின் கை இயந்திரத்தின் மேல் இருக்கும்? பரீட்சைக் கட்டணம் இதில் சேர்ந்ததா, தனியா? போன வருஷம் படித்து முடித்த நாலு பேரிடம் நாங்கள் பேசலாமா? வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா? மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. பிள்ளையின் வாழ்வுக்காகக் கடன் வாங்குகிறவன் மாத்திரம் ஏன் வாய் திறக்காமல் பணத்தைக் கட்டவேண்டும்?

அப்படியானால் பணமில்லாதவன் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். 1991ஆம் வருஷத்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது வாலிபர் லினக்ஸ் என்பதை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் கொடுத்தார். அதற்கு முன் 1983ஆம் வருஷத்திலேயே ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், மென்பொருளைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்துவிடவேண்டுமென்று குனு என்னும் இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். இவர்களும் இவர்களைப்போன்ற ஆயிரக்கணக்கானோரும் செய்த வேலையின் பலனாக, இன்று உலகத்தின் சர்வர்களில் பெரும்பாகம் ஓடும் அதே சரக்கை, நீங்கள் காசில்லாமல் உங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் படிக்கலாம். ஒரே இயந்திரத்துக்குள் மூன்று நான்கு இயந்திரங்கள் இருப்பதுபோல் பாவித்து ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற கருவிகளும், ரூட்டர்களைத் திரையிலேயே பூட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசர் என்ற கருவியும் இலவசமாகவே கிடைக்கின்றன. பம்பாய் ஐ.ஐ.டி.யார் ஆரம்பித்த ஸ்போக்கன் டுடோரியல் என்ற ஏற்பாட்டில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் நெட்வொர்க் பாடங்கள் என்.பி.டி.ஈ.எல். மூலம் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் இதையொட்டிய படிப்புகள் உண்டு. தமிழ்நாட்டு சர்க்கார் 2022ஆம் வருஷம் மார்ச்சு 1ஆம் தேதி "நான் முதல்வன்" என்ற திட்டத்தைத் துவக்கியிருக்கிறார்கள். இவற்றை விசாரித்துப் பார்க்காமல் நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இங்கிலீஷ் தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்லுகிறோம். இத்தொழிலின் புத்தகங்கள் இங்கிலீஷில்தான் பெரும்பாலும் இருக்கின்றன என்பது வாஸ்தவம். ஆனால் வேண்டியது பிரசங்கம் செய்யும் இங்கிலீஷ் அல்ல. குற்றம் நேர்ந்தால் திரையில் வரும் வாக்கியத்தை நிதானமாகப் படித்துப் பொருள் காணும் அளவே ஆரம்பத்திற்குப் போதும். லாரி மெக்கானிக்குகள் எந்தக் காலேஜில் படித்துக் கிளட்ச், கியர், கார்புரேட்டர் என்ற வார்த்தைகளைக் கற்றார்கள்?

படிக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் திறந்து எது எதற்கு என்று பாருங்கள். பிறகு லினக்ஸைப் போட்டு, சுண்டெலியைத் தொடாமல் கட்டளைகளால் வேலை வாங்கப் பழகுங்கள். மூன்றாவது, விலாசக் கணக்கும் பாதைகளும். நான்காவது, டி.என்.எஸ்., இணையப்பக்கம் கொடுக்கும் சர்வர் முதலிய சேவைகளை நீங்களே நிறுவுங்கள். பிறகு வேண்டுமென்றே அவற்றைக் கெடுத்து மறுபடி சரிசெய்யுங்கள். ஐந்தாவது, ஒரே வேலையைப் பத்துத் தடவை கையால் செய்யாமல் இயந்திரத்தையே செய்யவைக்கப் பாஷ், பைத்தான் முதலியவற்றில் சிறு நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். இது இப்போது மிகவும் முக்கியம். ஏனெனில் வாடகை சர்வர்கள் பெருகிவிட்டதாலும், கட்டளைகளை எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் வந்துவிட்டதாலும், சொன்னதை மாத்திரம் தட்டச்சு செய்கிறவனுக்கு இனி மதிப்பு குறையும். எழுதிக் கொடுத்தது சரியா தப்பா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கே மதிப்பு நிற்கும். செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். தினம் இரண்டு மணி நேரம் வீதம் ஒரு வருஷம் விடாமல் செய்தால், பேட்டிக்குப் போகிறபோது காட்டுவதற்கு அந்த நோட்டே பெரிய சாட்சியாகும்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அதுதான் நகல் எடுத்து வைப்பது. கிட்லேப் என்ற கம்பெனியில் 2017ஆம் வருஷம் ஜனவரி 31ஆம் தேதி இரவு, களைத்துப்போயிருந்த ஒரு தொழிலாளி, ஒரு சர்வரென்று நினைத்து மற்றொரு சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிகாபைட் இருந்த இடத்தில், அவர் நிறுத்துவதற்குள் 4.5 ஜிகாபைட் தான் மிஞ்சிற்று. நகல் எடுக்க ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். சமயத்தில் ஒன்றுகூட ஒழுங்காக உதவவில்லை. அதே தொழிலாளி ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரியத்துக்காக எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. நகல் எடுத்தால் மாத்திரம் போதாது, மாதம் ஒரு முறையாவது அதைத் திருப்பிப்போட்டுச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பது ஒரு பாடம். அக்கம்பெனியார் அந்தத் தொழிலாளியைக் காட்டிக்கொடுக்காமல், நடந்ததை நடந்தபடி உலகத்துக்கெல்லாம் எழுதி வெளியிட்டார்கள் என்பது மற்றொரு பாடம். ஒளிக்கிறவர்களுக்குள் அறிவு வளராது.

இத்தொழிலின் கஷ்டத்தையும் மறைக்கமாட்டோம். ஆரம்பத்தில் கடவுச்சொல் மறந்தவர்களுக்குப் பதில் சொல்லும் மேஜையில்தான் உட்காரவேண்டியிருக்கும். சம்பளம் குறைவாகவே இருக்கும். ஒப்பந்தக்காரர் மூலமாகவே பல வேலைகள் வரும். நடுராத்திரியில் போன் அடிக்கும். பண்டிகை நாளில் மற்றவர்கள் வீட்டிலிருக்கும்போது நீங்கள் சர்வர் அறையில் இருப்பீர்கள். இதைத் தெரிந்துகொண்டு வருகிறவன் நிலைப்பான்.

அதைவிடப் பெரியது நாணயம். சர்வரின் முழு அதிகாரம் கையிலிருப்பவன், நினைத்தால் பிறருடைய கடிதத்தையும் கணக்கையும் நோயையும் படித்துவிடலாம். தபால்காரன் கடிதத்தைப் பிரித்துப் படித்தால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? 2000ஆம் வருஷத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆவது பிரிவு, கெட்ட எண்ணத்தோடு அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டருக்குள் புகுவது முதலிய காரியங்களுக்கு 3 வருஷம் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மாத்திரம் அல்ல, நம்மை நம்பியவனை நாம் மதிப்பதாலேயே அந்தக் கதவைத் திறக்காமலிருக்கவேண்டும்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு. பெண்ணுக்கு இது ஒத்துவராது என்று யாராவது சொன்னால், ராடியா பெர்ல்மன் என்ற அம்மையாரின் பேரைச் சொல்லுங்கள். ஸ்விட்சுகளை வளையமாக இணைத்துவிட்டால் செய்தி சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க் முழுவதையும் முடக்கிவிடும். அதைத் தடுக்க, வேண்டாத பாதையைத் தானே மூடி, வேண்டும்போது தானே திறக்கும் முறையை 1985ஆம் வருஷத்தில் அவர்தான் வகுத்தார். அது இன்றும் கணக்கற்ற ஆபீசுகளில் ஓடுகிறது. அவ்வழியிலும் அதன் பின்வந்த வழிகளிலும் செய்தி அனுப்புகிற ஆண்பிள்ளைகள், இது ஒரு பெண் போட்ட பாதையாயிற்றே என்று நின்றுவிடுகிறார்களா? ராத்திரி வேலை பயமென்றால், வண்டி வசதியும் பாதுகாப்பும் கேளுங்கள். படிப்பை நிறுத்தாதீர்கள்.

ஆகவே தோழர்களே! இது நமக்கு ஆகாது என்ற எண்ணத்தையும், பணம் கட்டினால் தானாய் வரும் என்ற எண்ணத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். நாம் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். வீட்டுக்குப் போனதும், கெட்டுப்போயிற்றென்று பரணில் போட்டிருக்கும் கம்ப்யூட்டர் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரித்து, நாலு பேர் சேர்ந்து இறக்கித் துடைத்துக் கிளப்பிப் பாருங்கள். கிளம்பாவிட்டால் ஏன் கிளம்பவில்லை என்று கேளுங்கள். நாம் சொன்னது சரியா என்பதை அந்த இயந்திரத்தின் முன்னாலேயே பரீட்சை செய்து முடிவு செய்துகொள்ளுங்கள்.